பங்கிடத்தக்க ஒரு பேரெண்

எண்களுட் சில பங்கீட்டுக்கு இணங்குவன, சில இணங்காதன. பன்னிரண்டு மூடை நெல்லை இருவரும் மூவரும் நால்வரும் அறுவரும் பன்னிருவரும் மிச்சமின்றிப் பகிர்ந்துகொள்ளலாம். பதின்மூன்று மூடையாயின் பதின்மூவர் கூடினாலன்றிச் சாக்கை அவிழ்க்காமற் பங்கிட இயலாது. சூடடித்து முடிந்த களத்தில் நிற்கும் வன்னி உழவனுக்கு இது புதிய செய்தியன்று. ஆயினும், இவ்வெளிய வேறுபாட்டை விடாது பின்தொடர்ந்தால், ஒரு திசையில் இன்றுவரை தீர்வு காணப்படாத கணித வினா ஒன்றினையும், மறு திசையில் நமது நிலப்பகுதியின் காணிச் சிக்கலையும் சென்றடைவோம். இவ்விரு திசைகளையும் இணைத்து நிற்கும் ஓர் எண்ணின் வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அவ்வெண் 293318625600. சொற்களில் உரைப்பின், இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு இலட்சத்து இருபத்தையாயிரத்து அறுநூறு. பன்னிரண்டு இலக்கங்களைக் கொண்ட இவ்வெண்ணை எந்தக் கடையிலும் எவரும் எண்ணியிருக்கமாட்டார். கணித வரலாற்றில் இது பேர்பெற்றமைக்குக் காரணம், கணித மேதை சீனிவாச இராமானுசன் 1915 இல் வெளியிட்ட பட்டியல் ஒன்றில் இடம்பெற வேண்டியிருந்தும் இடம்பெறாது போனமையே.

முதற்கண் இவ்வெண்ணின் இயல்பை அறிதல் வேண்டும். ஓர் எண்ணை மிச்சமின்றி வகுக்கும் எண்கள் அதன் காரணிகள் எனப்படும். 12 இன் காரணிகள் 1, 2, 3, 4, 6, 12 என ஆறாகும். பன்னிரண்டுக்குக் குறைந்த எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் இல்லை. இவ்வாறு, தன்னிற் சிறிய எல்லா எண்களையும் விடக் கூடுதலான காரணிகளைக் கொண்ட எண்ணை மிகுகாரணி எண் என்று அழைப்போம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720, 840, 1260, 1680, 2520, 5040 எனத் தொடர்வது இவ்வரிசை. நாழிகையும் மாதமும் மணியும் பாகையும் எண்ணுவதற்கு மனிதன் தெரிந்தெடுத்த 12, 24, 60, 360 ஆகியன அனைத்தும் இவ்வரிசையில் அமைந்திருத்தல் கவனிக்கத்தக்கது. நமது முன்னோர் நாளொன்றை அறுபது நாழிகையாகப் பகுத்தனர். அறுபதுக்குப் பன்னிரண்டு காரணிகள் உள. அறுபதிற் சிறிய எவ்வெண்ணுக்கும் அத்தனை இல்லை.

இனி நமது பேரெண்ணை முதன்மை எண்களாகப் பிரித்து நோக்குவோம். அது ஆறு இரண்டுகளும், நான்கு மூன்றுகளும், இரண்டு ஐந்துகளும், இரண்டு ஏழுகளும், 11, 13, 17, 19 என்பவற்றுள் ஒவ்வொன்றும் பெருக்கப்பட்டுப் பெறப்படுவது. காரணி ஒன்றை ஆக்கும்போது இரண்டு என்னும் முதன்மை எண்ணை ஒருமுறையும் எடாமலோ, ஒன்று முதல் ஆறு முறை வரை எடுத்தோ கொள்ளலாம். ஆகவே ஏழு வழிகள். இவ்வாறே மூன்றுக்கு ஐந்து வழிகளும், ஐந்துக்கும் ஏழுக்கும் மும்மூன்று வழிகளும், எஞ்சிய நான்கு முதன்மை எண்களுக்கு இவ்விரண்டு வழிகளும் உள. இவற்றைப் பெருக்கினால் 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040. எனவே 293318625600 என்னும் எண்ணுக்குச் சரியாக 5040 காரணிகள் உள.

ஈண்டு வியப்புக்குரிய தொடர்பொன்று புலப்படுகின்றது. 5040 தானும் ஒரு மிகுகாரணி எண். அதன் காரணிகள் 60. அறுபதும் ஒரு மிகுகாரணி எண். அதன் காரணிகள் 12. பன்னிரண்டின் காரணிகள் 6. ஆறின் காரணிகள் 4. நான்கின் காரணிகள் 3. மறுதலையாகச் சொல்வதாயின், நான்கு காரணிகளைக் கொண்ட மிகச் சிறிய எண் 6. ஆறு காரணிகளைக் கொண்ட மிகச் சிறிய எண் 12. பன்னிரண்டு காரணிகளுக்கு 60. அறுபது காரணிகளுக்கு 5040. ஐயாயிரத்து நாற்பது காரணிகளுக்கு 293318625600. ஐந்தே படிகளில் மூடைக் கணக்கிலிருந்து பல்லாயிரங் கோடிக்கு ஏறிவிடுகின்றோம். இப்படிவரிசையில் இறுதியில் நிற்கும் எண்ணையே இராமானுசனின் பட்டியல் தவறவிட்டது.

படிவரிசையில் அதற்கு முந்திய 5040 மிக நீண்ட வரலாறு உடையது. கி.மு. நான்காம் நூற்றாண்டில் கிரேக்க ஞானி பிளேட்டோ தம் முதுமையில் இயற்றிய ‘சட்டங்கள்’ என்னும் உரையாடலில், கிறீற் தீவிற் புதிதாகக் குடியேற்றப்படவிருக்கும் நகரொன்றுக்குச் சட்டம் வகுக்கின்றார். அந்நகரில் நிலமுடைய குடிகள் 5040 ஆக இருத்தல் வேண்டும் என்பது அவர் விதி. இவ்வெண்ணைத் தெரிந்தமைக்கு அவர் கூறும் காரணம், அது தன்னை ஒழிய ஐம்பத்தொன்பது எண்களால் வகுபடும் என்பதும், ஒன்று முதல் பத்து வரையுள்ள எல்லா எண்களும் அவற்றுள் அடங்கும் என்பதுமாகும். வரி விதித்தல், படை திரட்டல், நிலம் பகிர்தல் ஆகிய எல்லாவற்றுக்கும் இவ்வெண் இணங்கும் என்றார். பதினொன்றால் மட்டும் வகுபடாமை அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. இரு குடிகளை நீக்கிவிட்டால் 5038 ஆகிப் பதினொன்றாலும் வகுபடும் என்று அதற்கும் பரிகாரம் கூறினார்.

எனினும் பிளேட்டோ அத்துடன் அமையவில்லை. குடிகளைப் பங்கிடலாமேயன்றிக் குடிக்கு அளித்த நிலத்துண்டைப் பங்கிடலாகாது என்று தடுத்தார். தந்தையின் நிலம் ஒரே மகனைச் சேரும்; ஏனைய ஆண்மக்கள் பிள்ளையில்லாதோர்க்குப் பிள்ளைகளாக அளிக்கப்படுவர்; பெண்கள் மணம் முடித்துச் செல்வர்; மக்கள் பெருகினால் வேறிடத்துக்குக் குடியேற்றமாக அனுப்பப்படுவர். எண்ணின் பங்கிடு தன்மை நிலத்தின் பங்கிடு தன்மை ஆகாது என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். இக்கருத்தைப் பின்னர் வன்னியில் மீண்டும் சந்திப்போம்.

தமிழர் மரபிற் பின்ன எண்ணுக்குத் தனியான ஒழுங்கு உண்டு. ஒன்றின் முந்நூற்றிருபதில் ஒரு கூறு முந்திரி. எண்பதில் ஒன்று காணி. இருபதில் ஒன்று மா. 320 என்பது ஆறு இரண்டுகளும் ஓர் ஐந்தும் பெருகியது. அதற்குப் பதினான்கு காரணிகளே உள. மூன்று அவற்றுள் இல்லை. ஆகையால் பாதி, கால், அரைக்கால், வீசம் எனப் பகுத்துச் செல்வதற்கு இவ்வொழுங்கு மிக ஏற்றது. மூன்று உடன்பிறந்தாருக்குச் சமமாகப் பகுக்க முனைவோருக்கு முந்திரிக் கணக்கு மிச்சத்தை விட்டே தீரும். எண்பதில் ஒரு கூற்றைக் குறிக்கும் ‘காணி’ என்னுஞ் சொல்லே ஈழத்தில் நிலத்துக்கும் பெயராக வழங்குகின்றது.

நிலவுரிமையைப் பொறுத்தவரை நமது மரபு பிளேட்டோவின் மரபுக்கு மாறானது. ஒல்லாந்தர் ஆட்சியில் 1707 இல் தொகுக்கப்பட்ட தேசவழமையிலும், இலங்கையின் ஏனைய பகுதிகளில் வழங்கிய சட்டங்களிலும், பெற்றோரின் ஆதனம் பிள்ளைகள் பலரிடமும் பங்காகச் சென்றது. நிலத்தை வரப்பிட்டுப் பிரிக்காமலே உரிமையை மட்டும் பின்னமாகப் பகிரும் பிரிபடாப் பங்கு முறை நிலைத்தது. இதன் எல்லை எதுவரை சென்றது என்பதற்குச் சான்றாக, இலங்கையிற் குடியேற்றநாட்டுச் செயலாளராகப் பணியாற்றிய எமர்சன் தெனென்ற் 1859 இல் வெளியிட்ட தம் நூலில் ஒரு வழக்கைக் குறிப்பிடுகின்றார். காலி மாவட்ட நீதிமன்றத்தில் எழுந்த அவ்வழக்கின் பொருள், பத்துத் தென்னை மரங்களின் 2520 இல் ஒரு பங்கு!

ஆங்கிலேய வாசகரை நகைக்கச் செய்த இவ்வெண், கணிதம் பயின்றோரை நிமிர்ந்து உட்காரச் செய்யும். 2520 என்பது ஒன்று முதல் பத்து வரையுள்ள எல்லா எண்களாலும் வகுபடும் மிகச் சிறிய எண். நாற்பத்தெட்டுக் காரணிகளை உடைய மிகுகாரணி எண். பிளேட்டோவின் 5040 இற் சரிபாதி. அதனை எவரும் திட்டமிட்டுத் தெரிந்தெடுக்கவில்லை. குடும்பங்கள் இரண்டாகவும் மூன்றாகவும் ஐந்தாகவும் ஏழாகவும் கிளைக்கும்போது, அச்சிறிய எண்கள் ஒன்றோடொன்று பெருகிப் பின்னத்தின் கீழெண்ணாகத் திரள்கின்றன. சிறிய முதன்மை எண்கள் பலவாகக் கூடிய எண்ணே மிகுகாரணி எண்ணாகும். ஆகவே உறுதிகளில் எழுதப்படும் கீழெண்கள் இவ்வரிசையை நாடிச் செல்வது இயல்பேயாகும்.

இதனை வன்னிக் குளமொன்றின் கீழுள்ள ஐந்து ஏக்கர் வயலை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கலாம். குடும்பம் கற்பனையே, கணக்கு மெய். முதலாளுக்கு ஆறு பிள்ளைகள் எனக் கொள்வோம். மூத்தவருக்கு ஏழு பிள்ளைகள். அவர்களுள் ஒருவருக்கு ஐந்து பிள்ளைகள். இக்கிளையில் வரும் கொள்ளுப்பேரனுக்கு உரிய பங்கு 210 இல் ஒன்று. இளையவருக்கு எட்டுப் பிள்ளைகள். அவர்களுள் ஒருவருக்கு மூன்று பிள்ளைகள். அக்கிளையில் வரும் கொள்ளுப்பேர்த்தியின் பங்கு 144 இல் ஒன்று. இவ்விரு பங்குகளையும் ஒரே கணக்கில் எழுத வேண்டுமாயின் 210, 144 ஆகியவற்றின் பொது மடங்குகளுட் சிறியதைக் காணல் வேண்டும். அது 5040! வயலை 5040 கூறாகக் கொண்டால் முன்னவனுக்கு 24 கூறும் பின்னவளுக்கு 35 கூறும் மிச்சமின்றிக் கிடைக்கும். ஏட்டிலே கணக்கு நேராகிவிட்டது. ஆனால் நிலத்தில் ஒரு கூற்றின் அளவு ஏறத்தாழ 43 சதுர அடி. முன்னவனின் 24 கூறும் சேர்ந்தால் ஏறத்தாழ 1037 சதுர அடி. ஏர் திரும்புவதற்கும் இடமில்லாத அத்துண்டிற்கு வரப்புப் போட்டால் வயலில் எஞ்சுவது எவ்வளவு?

எண்ணோ, எவ்வளவு பகுத்தாலும் மேலும் பகுக்க இடந்தருகின்றது. கிளையொன்றிற் பதினொரு பிள்ளைகள் பிறந்து பிளேட்டோ அஞ்சிய இடையூறு தோன்றினாலும், 5040 ஐப் பதினொன்றாற் பெருக்கி 55440 எனக் கொண்டாற் போதும். அதுவும் ஒரு மிகுகாரணி எண்ணே. இவ்வாறு ஏறிச் செல்லும் வரிசைக்கு முடிவில்லை. அவ்வரிசையின் விதிகளை முதன்முதலாக விரிவாக ஆராய்ந்தவர் இராமானுசனே.

1887 இல் ஈரோட்டிற் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, 1912 இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் எழுத்தராக அமர்ந்த இராமானுசன், 1914 மார்ச்சு மாதத்திற் கப்பலேறி இங்கிலாந்து சென்றார். மறு ஆண்டில் இலண்டன் கணிதக் கழகத்தின் வெளியீட்டில் மிகுகாரணி எண்கள் பற்றிய அவரது நீண்ட கட்டுரை வெளியாயிற்று. அறுபதுக்கு மேற்பட்ட பக்கங்களைக் கொண்ட அக்கட்டுரையை அடிப்படையாகக் கொண்டே 1916 இற் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு ஆராய்ச்சிப் பட்டம் அளித்தது. மிகுகாரணி எண்ணொன்றை முதன்மை எண்களாகப் பிரித்தால், சிறிய முதன்மை எண்ணின் சுட்டி பெரியதன் சுட்டியிற் குறையாது என்றும், இறுதியில் வரும் முதன்மை எண்ணின் சுட்டி, 4, 36 ஆகிய இரண்டில் ஒழிய, எப்போதும் ஒன்றே என்றும் அவர் நிறுவினார். நமது எண்ணின் சுட்டிகளை நோக்குக: 6, 4, 2, 2, 1, 1, 1, 1. விதி முற்றாகப் பொருந்துகின்றது.

அக்கட்டுரையில் 6746328388800 வரையுள்ள மிகுகாரணி எண்களைத் தொகுத்து 102 எண்களைக் கொண்ட பட்டியலொன்றை அவர் வெளியிட்டார். கணிப்பொறி இல்லாத காலத்திற் கையாற் செய்த கணக்கு அது. அதிலே 293318625600 விடுபட்டது. பட்டியலின் இறுதி எண்ணை 23 ஆல் வகுத்தால் வரும் ஈவு, விடுபட்ட அதே எண்! அஃதாவது, இறுதி எண்ணின் முதன்மைக் காரணிகளில் 23 ஐ மட்டும் நீக்கினால் எஞ்சுவது இதுவே. இவ்வெண்ணிலுள்ள ஒரு மூன்றையும் ஓர் ஏழையும் அகற்றி, அவற்றின் இடத்தில் 23 ஐ வைத்தால் 321253732800 கிடைக்கும். அது பத்து வீதத்திற்கும் குறைவாகவே பெரிது. ஆனால் அதற்கு 5376 காரணிகள் உள. 23 ஐச் சேர்ப்பதா, சிறிய முதன்மை எண்களை மீண்டும் எடுப்பதா என்னும் போட்டி நிகழும் எல்லையில் நமது எண் நிற்கின்றது.

இவ்விடுபாட்டினால் இராமானுசனின் தேற்றம் எதுவும் பழுதுபடவில்லை. தேற்றங்கள் எண்களின் பொது இயல்பைக் கூறுவன. பட்டியலோ ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியே தேடிச் சேர்ப்பது. விதி சரியாக இருந்தும் விதிக்கு உட்பட்ட ஒன்று விடுபடக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இராமானுசன் எழுதியவற்றுள் ஒரு பகுதி அன்று அச்சேறவில்லை. முதலாம் உலகப் போர்க் காலத்தில் இலண்டன் கணிதக் கழகம் பொருள் முடையில் இருந்தமையால் கட்டுரை சுருக்கப்பட்டது. எஞ்சிய பகுதி 1988 இற் கையெழுத்துப் படியாகவும், 1997 இல் நிக்கொலா, றொபின் ஆகிய பிரெஞ்சு அறிஞர் இருவரின் குறிப்புகளுடனும் வெளிவந்தது. அப்பகுதியில் இராமானுசன் காரணிகளின் எண்ணிக்கையுடன் நில்லாது, காரணிகளின் கூட்டுத்தொகை எவ்வளவு பெரிதாகலாம் என்பதையும் ஆராய்ந்திருந்தார். தெனென்றின் நூல் வெளியான அதே 1859 இல் செர்மானியக் கணித அறிஞர் றீமான் முன்வைத்த கருதுகோள் உண்மையாயின், போதிய அளவு பெரிய எண்கள் யாவற்றுக்கும் அக்கூட்டுத்தொகை ஒரு குறித்த எல்லையைத் தாண்டாது என்று காட்டியிருந்தார்.

மேற்கூறிய றொபின் 1984 இல் அவ்வெல்லையைத் துல்லியமாக்கினார். 5040 இற் பெரிய எல்லா எண்களுக்கும் அச்சமனிலி உண்மையாயின் றீமான் கருதுகோளும் உண்மை. கருதுகோள் உண்மையாயின் சமனிலியும் உண்மை. 5040 இன் காரணிகளைக் கூட்டினால் 19344 வரும். குறித்த எல்லையோ ஏறத்தாழ 19237. ஆகவே 5040 எல்லையை மீறுகின்றது. அவ்வாறு மீறுவனவாக அறியப்பட்ட எண்கள் இருபத்தேழு. அவற்றுள் இறுதி இரண்டும் எவை? காலி நீதிமன்றத்தின் 2520 உம் பிளேட்டோவின் 5040 உம். இவற்றுக்கு அப்பால் எல்லை மீறும் எண் ஒன்று உண்டோ இல்லையோ என்பது கணித உலகின் விடை காணாத பெருவினாவாக இன்றும் நிற்கின்றது.

இனி வன்னிக்கு மீள்வோம். ஜே. பி. லூயிஸ் வன்னி மாவட்டங்கள் பற்றிய தம் கைந்நூலை 1895 இல் வெளியிட்ட காலத்தில் இங்கே நிலம் மிகுதி, மக்கள் குறைவு. யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ நிலை மறுதலையானது. இருபதாம் நூற்றாண்டின் முதலிரு தசாப்தங்களில் இரணைமடுக் குளம் அமைக்கப்பட்டது. 1936 இல், குடாநாட்டின் மக்கள் நெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்கும் பொருட்டுக் கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கியது. பிளேட்டோ கூறிய பரிகாரமும் இதுவே: மக்கள் பெருகினால் புதிய குடியேற்றம்.

அக்குடியேற்றத்துக்கு முந்திய ஆண்டில், 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. அரச காணியை அனுமதிப்பத்திரத்தின் மூலம் பெறுபவர் அதனைக் குறித்த அளவிற்குக் கீழே துண்டாடலாகாது. பெயர் குறிக்கப்பட்ட பின்னுரித்தாளருக்கே அது செல்லும் என்பது அதன் போக்கு. பின்னுரித்தாளர் குறிக்கப்படாதவிடத்து, சட்டத்தின் அட்டவணை நீண்டகாலம் பெண்மக்களுக்கு முன்னே ஆண்மக்களை நிறுத்தியிருந்தது. இவ்வாறு தேசவழமையின் பின்னக் கணக்கிலிருந்து வந்த மக்கள், ஒரு காணிக்கு ஒருவர் என்னும் கணக்கினுள் வைக்கப்பட்டனர். ஒரு முறை நிலத்தை ஏட்டில் நொறுக்கியது; மறுமுறை நிலத்தைக் காத்துப் பிள்ளைகளுள் ஒருவரொழிந்த ஏனையோரைக் கணக்கிலிருந்து நீக்கியது.

எது நீதி? இக்கேள்விக்கு எண் விடை கூறாது. ஆனால் கேள்வியைத் தெளிவாக்கும். பங்கு முறையில் எவரும் விடுபடுவதில்லை. பங்குக்குப் பயன் இல்லாது போகின்றது. ஒருவர் முறையிற் பயன் நிலைக்கின்றது; பங்காளிகள் விடுபடுகின்றனர். உரிமையைப் பின்னமாகப் பேணிப் பயிர்ச்செய்கையை ஒன்றாக நடத்தி, விளைவைப் பகிர்வது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியாகும். வயலைப் பகுப்பதிலும் நெல்லைப் பகுப்பது எளிது. ஐயாயிரத்து நாற்பது கூறாக நெல்லை அளக்க வரப்பு வேண்டியதில்லை. பிரிவிடல் வழக்கே முடிவென்று எண்ணுவோர், 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டத்தின் 48 ஆம் பிரிவையும் நோக்குதல் வேண்டும். உரித்துடையோர் அனைவரும் வழக்கிற் சேர்க்கப்படாதிருப்பினும் தீர்ப்பு முடிவானதே என்று அது கூறுகின்றது. ஒரு பெயர் விடுபட்டால் பங்குகளின் கூட்டுத்தொகை அப்போதும் ஒன்றாகவே நேராகும். கணக்கைப் பார்த்து விடுபாட்டைக் கண்டுபிடிக்க முடியாது. பட்டியலைத் திரும்பத் தேடியே கண்டுபிடிக்க வேண்டும்.

போரும் இடப்பெயர்வும் இத்தேடலைக் கடினமாக்கின. 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னி மக்கள் ஊர் ஊராக நகர்ந்தபோது உறுதிகளும் அனுமதிப்பத்திரங்களும் பெருமளவில் அழிந்தன. போரின் காரணமாகத் தம் காணியுரிமையை உரிய காலத்திற் கோர இயலாதோர்க்கு 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க ஆட்சியுரிமைச் சிறப்பேற்பாடுகள் சட்டம் ஓரளவு காப்பளித்தது. ஆயினும் ஒரு காணியின் பங்காளிகள் யாவர், அவர்தம் பின்னங்கள் எவை என்பதைச் சட்டம் தானாக எழுதித் தராது.

வவுனியாவில் 1997 இல் அமைந்த வளாகம் 2021 இற் பல்கலைக்கழகமாக உயர்ந்துள்ளது. கிளிநொச்சியிலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்கள் இயங்குகின்றன. கணிதமும் வரலாறும் சட்டமும் பயிலும் மாணவர் கூடி, எஞ்சியுள்ள பழைய உறுதிகளைப் படியெடுத்து, அவற்றிலுள்ள பின்னங்களை ஊர்வாரியாகத் தொகுப்பார்களாயின், குடும்பங்கள் கிளைத்த வரலாறும் நிலம் கைமாறிய வரலாறும் ஒருங்கே வெளிப்படும். ஒவ்வொரு கீழெண்ணும் முதன்மை எண்களாகப் பிரிக்கப்படும்போது, எந்தத் தலைமுறையில் எத்தனை பேர் உரித்துப் பெற்றனர் என்பதற்குரிய தடயம் அதில் இருக்கும். முதியோர் வாழும் காலத்திலேயே செய்யவேண்டிய பணி இது. இராமானுசனின் பட்டியலில் விடுபட்ட எண்ணை எவரும் எப்போதும் கணித்து மீட்கலாம். அது எங்கும் போய்விடாது. உறுதியோடு அழிந்த ஒரு பெயரை, அதனை அறிந்த கடைசி முதியவரும் மறைந்தபின், எந்தக் கணிதத்தாலும் மீட்க இயலாது.